நாற்பது நாள் கோழி

கோயில் திருவிழாக் கடைகளில் பச்சை, சிவப்பு, ஊதா நிறத்தில் கோழிக்குஞ்சு விற்பார்கள். ஓர் அட்டைப் பெட்டிக்குள் நூறு குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து கீச்சிட்டுக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அம்மாவிடம் அழுது அடம்பிடித்து நானும் இரண்டு வாங்கியிருக்கிறேன். கூடைக்குள் பல்பு போட்டு, நொய்யரிசி தூவி, ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒன்று விறைத்துக் கிடந்தது. ஐந்தாம் நாள் மற்றதும் போனது. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம். சாயம்தான் கொன்றுவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். அந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை.

பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். இன்றைய பண்ணைகளில் இரண்டு வகைக் கோழிகள் இருக்கின்றன. முட்டைக்கென்று வளர்ப்பது லேயர், கறிக்கென்று வளர்ப்பது பிராய்லர். லேயர் இனத்துச் சேவல் முட்டையும் இடாது, தீனிக்குத் தக்க சதையும் வைக்காது. ஆகவே பொரித்த அன்றே குஞ்சுகளை ஆண், பெண் என்று பிரித்து, ஆண் குஞ்சுகளைக் கழித்துவிடுகிறார்கள். உலகின் பல நாடுகளில் அவற்றை அன்றைக்கே எந்திரத்தில் அரைத்தோ வாயு செலுத்தியோ கொல்கிறார்கள். ஆண்டுக்கு 700 கோடி குஞ்சுகள் இப்படிப் போவதாக மதிப்பிடுகிறார்கள். ஜெர்மனி 2022 தொடக்கத்தில் இதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் ஊரில் அவற்றில் ஒரு பங்கு சாயம் பூசிக்கொண்டு திருவிழாவுக்கு வருகிறது. முட்டை சைவமா அசைவமா என்று பட்டிமன்றமே நடத்தியிருக்கிறோம். அந்த முட்டையிடும் ஒவ்வொரு பெட்டைக்கும் கூடப் பிறந்த ஒரு சேவல் என்ன ஆனது என்ற கேள்வி அந்த மேடைகளில் எழுந்து நான் கேட்டதில்லை.

இறைச்சி பற்றிய நம் பேச்சு எல்லாமே அப்படித்தான். யார் சாப்பிடுகிறார்கள், எந்தச் சாதி, எந்த விலங்கு, வாடகை வீட்டில் சமைக்கலாமா கூடாதா என்பதிலேயே அது சுற்றிச் சுற்றி வருகிறது. மாட்டிறைச்சி என்றால் கொலைவரை போகிறது. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்துத் தீட்டு சொல்கிறவரோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சண்டையின் சத்தத்தில் வேறொன்று காதில் விழாமலே போய்விட்டது. இந்தியாவில் உண்மையிலேயே தொழிற்சாலை முறைக்கு மாறிய இறைச்சி மாடும் அல்ல, ஆடும் அல்ல. எல்லாச் சாதியும் எல்லா மதமும் சாப்பிடும், யாரும் சண்டை போடாத கோழிதான் அது.

நாட்டில் உற்பத்தியாகும் இறைச்சியில் ஏறத்தாழ பாதி கோழி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 85 கோடிப் பறவைகள் எண்ணப்பட்டன. அவற்றில் 53 கோடிக்கு மேல் வணிகப் பண்ணைகளில் இருந்தவை. மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 12 கோடி. அதிலும் கணக்கெடுத்த நாளில் உயிரோடிருந்தவை மட்டுமே அடக்கம். நாற்பது நாளில் ஒரு தலைமுறை போய் அடுத்தது வரும் ஷெட்டில் ஆண்டுக்கு எத்தனை உயிர் வந்து போகிறது என்பதை அந்த எண் காட்டாது. கோழி அடிப்பது ஒரு காலத்தில் விருந்தாளிக்கும் நோயாளிக்கும் மட்டும். இன்று சாயங்காலம் தள்ளுவண்டியில் சில்லி சிக்கன் வாங்குவது வடை வாங்குவது மாதிரி ஆகிவிட்டது. இந்த மாற்றம் என் வாழ்நாளுக்குள் நடந்தது.

ஊசி அல்ல, இனம்

"பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் ஒரே மாதத்தில் ஊதிவிடுகிறது" என்று நம் ஊரில் சொல்லாதவர் இல்லை. பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கும் அதையே காரணம் காட்டுகிறார்கள். இது தவறு. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றில் செரித்துப் போய்விடும். ஊசியாகப் போடுவதென்றால் ஐயாயிரம், பத்தாயிரம் கோழிகளைப் பிடித்துத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய்க் கூலியில் வளர்க்கிற எவராலும் முடியாத காரியம் அது. குஞ்சுகளுக்குப் போடுவது தடுப்பூசி. கோழி ஊதுவதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. இந்த வதந்தியை நான் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. ஊசிதான் குற்றம் என்றால் ஊசியை நிறுத்தினால் போதும். பிறப்பே அப்படி என்றால் அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது.

கதை அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் தொடங்குகிறது. 1923இல் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டு எழுதினார். தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. திருப்பி அனுப்பாமல் கொட்டகை போட்டு வளர்த்துக் கறிக்கு விற்றார், லாபம் வந்தது. அதுவரை முட்டையிட்டு ஓய்ந்த கோழிதான் அங்கேயும் கறி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மார்பில் அதிகச் சதை வைக்கும் கோழியை உருவாக்கச் சொல்லி நாடு தழுவிய போட்டியே நடத்தினார்கள். 1948இல் அதன் இறுதிச் சுற்று நடந்தது. வென்ற இனங்களின் கலப்பில் இன்றைய பிராய்லர் பிறந்தது. இன்று உலகெங்கும் கறிக்கோழியின் மூல இனங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள் கையில் இருக்கின்றன. திருப்பூர் மாவட்டத்துப் பல்லடத்தில் வளரும் குஞ்சுக்கும் பிரேசிலில் வளரும் குஞ்சுக்கும் பாட்டன் பூட்டன் ஒன்றாக இருக்கலாம்.

இந்த இனப்பெருக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. 1957ஆம் ஆண்டின் இனத்தையும் 1978இன் இனத்தையும் கலப்பில்லாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றையும் 2005இன் பிராய்லரையும் ஒரே தீவனம் கொடுத்து 56 நாள் வளர்த்தார்கள். முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். மாறியது பறவை மட்டும்.

பல்லடம் பக்கம் உறவினர் ஒருவரின் ஷெட்டுக்கு ஒரு விடியற்காலையில் போயிருந்தேன். குஞ்சு இறக்கி முப்பத்தைந்தாவது நாள். உள்ளே நுழைந்ததும் அமோனியா கண்ணைக் கரித்தது. தரை முழுக்கத் தேங்காய் நார்த்தூள், அதன்மேல் தரையே தெரியாத அளவுக்கு வெள்ளை. நான் நடந்தால் வழிவிட வேண்டிய கோழிகள் இரண்டடி தத்திவிட்டு அப்படியே உட்கார்ந்தன. உட்கார்ந்தே கிடப்பதால் நெஞ்சு ரோமம் தேய்ந்து தோல் சிவந்திருந்தது. என்னைத் திடுக்கிட வைத்தது சத்தம்தான். இரண்டு கிலோ உடம்பிலிருந்து வருவது கொக்கரிப்பு இல்லை, கூவல் இல்லை. முதல் நாள் குஞ்சு போட்ட அதே கீச்சு. வளர்ந்த கோழியின் உடம்புக்குள் இருப்பது குஞ்சுதான், அதற்குப் பருவமே வரவில்லை. உறவினர் ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகப் போய் இரவில் செத்தவற்றைப் பொறுக்கினார். கதவோரம் தொங்கிய அட்டையில் தேதி போட்டு எண்ணிக்கை எழுதினார். அன்றைக்கு ஒன்பது.

அந்த உட்கார்ந்து கிடத்தல் சோம்பல் இல்லை. எலும்பும் மூட்டும் குஞ்சின் வயதில் இருக்க, சதை மட்டும் அதை முந்திக்கொண்டு ஓடுகிறது. பிரிட்டனில் 51,000 கோழிகளை நடக்கவிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வந்தது. சராசரியாக நாற்பதாம் நாளில் அவற்றில் 27.6 விழுக்காடு நன்றாக நடக்க முடியாமல் தடுமாறின. 3.3 விழுக்காடு ஏறக்குறைய நடக்கவே முடியாத நிலையில் இருந்தன.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது இந்தக் குஞ்சுகளின் தாய்க்கோழிகள். அவற்றைப் பொதுமக்கள் யாரும் பார்ப்பதில்லை. கறிக்கோழி நாற்பது நாளில் போய்விடுகிறது, ஆகவே அதன் உடம்பு அதற்குமேல் தாங்காவிட்டாலும் வியாபாரத்துக்கு நட்டமில்லை. ஆனால் தாய்க்கோழி ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடிருந்து முட்டையிட வேண்டும். அதற்கும் அதே அகோரப் பசி, அதே ஊதும் உடம்பு. விட்டால் தின்று தின்று கொழுத்து, முட்டை குறைந்து, இதயம் நின்று செத்துப்போகும். எனவே வளரும் பருவத்தில் அது விரும்பித் தின்னக்கூடிய அளவில் பாதி, சில வாரங்களில் கால் பங்கு மட்டும் அளந்து போடுகிறார்கள். பசியைக் கூட்டிப் பிறப்பித்து, அந்தப் பசியிலேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயம். இதைச் செய்யாவிட்டால் கோழிக்குக் கேடு, செய்தாலும் கேடு. பண்ணைக்காரரின் ஈவிரக்கத்தைக் குறை சொல்லி இதற்கு விடை காண முடியாது.

பல்லடத்துக் கணக்கு

கொங்குப் பகுதியில் பிராய்லர் வளர்ப்பு பெரும்பாலும் ஒப்பந்த முறையில் நடக்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் கொடுக்கும். ஷெட், தண்ணீர், கரண்ட், நார்த்தூள், ஆள், தூக்கம் எல்லாம் விவசாயியுடையது. கோழி எந்நாளும் நிறுவனத்தின் சொத்து. விவசாயிக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. இந்த ஏற்பாடு 1990களில் இங்கே வேர்விட்டபோது மழை பொய்த்த மேட்டாங்காட்டு விவசாயிக்கு அது பெரிய ஆறுதல்தான். கிணறு வற்றி, போர்வெல் ஆயிரம் அடிக்குப் போன ஊர்களில் மாதத்துக்கு இவ்வளவு என்று கையில் பணம் வர வேறு வழி இருக்கவில்லை. அதை மறந்துவிட்டுப் பண்ணைகளைத் திட்டுவது நியாயமில்லை.

ஆனால் கூலியைப் பாருங்கள். அடிப்படைக் கூலி நீண்ட காலமாகக் கிலோவுக்கு ஆறு, ஏழு ரூபாய் என்ற அளவிலேயே பேசப்பட்டு வந்தது. ஐயாயிரம் கோழி, தலைக்கு இரண்டு கிலோ என்றால் பத்தாயிரம் கிலோ. ஒரு பேட்ச்சுக்கு அறுபது, எழுபதாயிரம் ரூபாய். அதில் கரண்ட் பில், ஆள் கூலி, நார்த்தூள், ஷெட் கட்டிய கடனின் தவணை போக வேண்டும். எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ எடை வந்தது, எத்தனை செத்தது என்று பார்த்து ஊக்கத்தொகையும் பிடித்தமும் வேறு. கூலியை உயர்த்தச் சொல்லிக் கறிக்கோழி விவசாயிகள் குஞ்சு இறக்காமல் போராடுவதும் பேச்சுவார்த்தை நடப்பதும் திரும்பத் திரும்பச் செய்தியாகின்றன. விளைபொருள் மற்றும் கால்நடை ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாடு 2019இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இருந்தும் கூலிப் பேச்சு இன்னமும் போராட்டத்தில்தான் தொடங்குகிறது.

கூலி கிலோவுக்கு என்று இருக்கும்வரை, விவசாயியின் கை எந்தப் பக்கம் சாயும்? அதே ஷெட்டில் இன்னும் ஐந்நூறு குஞ்சு விட்டால்தான் தவணை கட்ட முடியும். இடம் நெருங்க நெருங்கக் காற்று கெடும், கால் புண்ணாகும், நோய் பரவும். கோழி படும் பாடும் விவசாயி படும் பாடும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பேசுவதுதான் இதுவரை நடந்த தவறு என்று நினைக்கிறேன். விலங்குநல ஆர்வலர்கள் விவசாயியைக் கொடியவராகப் பார்க்கிறார்கள். விவசாயச் சங்கங்கள் கோழியைப் பேசினால் சிரிக்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. நெல்லை மூட்டை கட்டி வைத்து விலை வரும்வரை காத்திருக்கலாம். நாற்பது நாள் கோழி காத்திருக்காது. ஒவ்வொரு நாளும் தீவனம் தின்னும், எடை ஏற ஏறச் சாவும் கூடும். என்ன விலைக்காவது தள்ளியாக வேண்டும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக வந்தபோது நாடு முழுக்க விலை சரிந்தது. 2020 மார்ச்சில் கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்திக்கே கோழி விலை தரைமட்டமானது. விலைக்கு ஆளில்லாமல் உயிரோடு குழியில் தள்ளிய இடங்களும் உண்டு.

வெயில் காலம் தனிக் கொடுமை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை மையம் கோழிப் பண்ணையாளர்களுக்கென்றே வானிலை அறிக்கை வெளியிடுகிறது. அதில் அடிக்கடி வரும் சொல் 'வெப்ப அயற்சி'. கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இவ்வளவு வேகமாக வளரும் உடம்பு அடுப்பு மாதிரி உள்ளேயே சூடு கிளப்பும். கூரைமேல் தென்னங்கீற்று போட்டு, தண்ணீர் தெளித்து, மின்விசிறி வைத்து, பகலில் தீவனத்தை நிறுத்தியும் மே மாதத்து மதியம் ஒன்றில் நூற்றுக்கணக்கில் சாவு விழும். கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் போதும்.

நாமக்கல்லுக்கு வந்தால் காட்சி வேறு. அங்கே முட்டைக்கோழி, கம்பிக் கூண்டு. நம் நாட்டில் பல பண்ணைகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் 450 சதுர சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் 620 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தாளில் முக்கால் பங்குதான் ஒரு கோழியின் உலகம். காலுக்குக் கீழே சாய்வான கம்பி, இட்ட முட்டை உருண்டு முன்னால் வந்துவிடும். கோழி மண்ணில் குளிக்கும் பறவை. முட்டையிட மறைவிடம் தேடும், இரவில் கிளையேறும், ஓயாமல் காலால் கிளறும். வீட்டில் கோழி வளர்த்த எந்தக் கிழவிக்கும் இது தெரியும். கூண்டில் இவற்றில் ஒன்றுக்கும் வழியில்லை. சிறகை விரித்து மடக்கக்கூட முடியாது. ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமலிருக்க அலகு நுனியை வெட்டிவிடுகிறார்கள். ஒன்றரை வயதைத் தாண்டி முட்டை குறையும்போது அது 'முட்டைக்கோழி' என்று கறிக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய வெறுங்கூண்டுகளை 2012 ஜனவரி முதல் தடை செய்தது. இந்தியச் சட்ட ஆணையமும் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் கூண்டு முறையைக் கைவிடும் திசையில் பரிந்துரை செய்தது. ஏதோ அயல்நாட்டு ஆசை என்று அதை ஒதுக்க முடியாது.

பண்ணையைச் சுற்றியிருக்கும் ஊர்களைக் கேட்டால் முதலில் சொல்வது ஈ. சோற்றுத் தட்டை மூடி வைத்துத்தான் சாப்பிட வேண்டும். அடுத்தது நாற்றம், மூன்றாவது கிணற்றுத் தண்ணீர். நீண்ட காலம் கோழிப்பண்ணை மாசுச் சட்டங்களின் கண்ணில் படாமலே இருந்தது. 2020இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான் 5,000 கோழிகளுக்கு மேலுள்ள பண்ணைகள் அனுமதி பெற வேண்டும் என்ற நிலை வந்தது.

இடத்துக்குப் பதில் மருந்து

ஊசி பற்றிய வதந்தி தவறு என்று சொன்னேன். ஆனால் மருந்து பற்றிய அச்சம் தவறில்லை. நெருக்கமாக அடைத்த ஷெட்டில் நோய் வராமலிருக்க இரண்டு வழிதான். இடமும் காற்றும் சுத்தமும் கொடுக்க வேண்டும், அல்லது நோய் வருமுன்பே ஆண்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது மலிவு. சிறு அளவில் தொடர்ந்து கொடுத்தால் எடையும் கூடும் என்று 1940களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கிருமிகளுக்கோ அது தினசரிப் பயிற்சி. பிழைத்தவை பலமாகின்றன.

2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர்ப் பகுதியில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. 40 விழுக்காட்டில் ஆண்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. அடுத்த ஆண்டு சீனாவில் இன்னும் மோசமான செய்தி. மற்ற மருந்துகள் தோற்ற பிறகு மருத்துவர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் கோலிஸ்டினையும் வெல்லும் மரபணு ஒன்று பன்றிகளிலும், கடைக் கறியிலும், நோயாளிகளிடமும் கிடைத்தது. ஒரு கிருமியிலிருந்து வேறொரு கிருமிக்குக் கைமாறக்கூடியது அது. ஐரோப்பா எடைக்காக ஆண்டிபயாட்டிக் கொடுப்பதை 2006இலேயே நிறுத்தியிருந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. நல்ல முடிவு, தாமதமான முடிவு. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. அத்தனைக்கும் பண்ணையைக் கை காட்ட முடியாது. சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்தும் நமக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நாம் விழுங்குவது காய்ச்சல் வந்த பிறகு. கோழிக்குக் காய்ச்சலே வராதபோதும் கொடுத்தார்கள்.

மாட்டுக்குப் பதில் கோழி

பருவநிலைக் கணக்கு போடுகிறவர்கள் கோழியை நல்ல பிள்ளை என்பார்கள். 2018இல் 119 நாடுகளின் ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் தரவைத் திரட்டி வந்த பெரிய ஆய்வின்படி, நூறு கிராம் புரதத்துக்குக் கறிமாடு வெளியிடும் பசுங்குடில் வாயு சராசரியாக 50 கிலோ. கோழி 5.7, முட்டை 4.2. பருப்பு வகைகள் ஒரு கிலோவுக்கும் கீழே. மாடு ஏப்பத்தில் மீத்தேன் விடுகிறது, கோழி விடுவதில்லை. ஒரு கிலோ உயிர் எடைக்குக் கோழி தின்பது ஒன்றே முக்கால் கிலோ தீவனத்துக்குள்தான். ஆகவே மாட்டைக் குறைத்துக் கோழிக்கு மாறுங்கள் என்பது மேலை நாடுகளில் வழக்கமான அறிவுரை.

பூமிக்கு அது நல்லது. ஆனால் உயிர்களை எண்ணினால் கணக்கு தலைகீழாகிறது. ஒரு மாடு தரும் இறைச்சிக்கு ஈடு செய்ய நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் வேண்டும். உலகில் ஆண்டுக்கு அறுக்கப்படும் கோழிகள் 7,000 கோடிக்கும் மேல். பூமியிலுள்ள பறவைகளை எல்லாம் தராசில் ஏற்றினால் எடையில் 70 விழுக்காடு வளர்ப்புக் கோழி முதலானவை, 30 விழுக்காடுதான் காட்டுப் பறவைகள். காக்கை, குருவி, கொக்கு, கழுகு எல்லாம் சேர்ந்தே அவ்வளவுதான். ஒரே கணக்கில் கார்பன் குறைகிறது, வேதனை பெருகுகிறது. எனக்கு இந்த முரணைத் தீர்க்கும் சூத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. கோழிக்கு மாறுவதாக இல்லாமல், கறியின் மொத்த அளவைக் குறைப்பதாக இருந்தால் மட்டுமே இரண்டும் ஒரு திசையில் போகின்றன.

தீவனத்தையும் பார்க்க வேண்டும். கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அடுத்தது சோயாப் புண்ணாக்கு. பெரம்பலூர் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் இவ்வளவு பரவியதற்குக் கோழிதான் காரணம். 2018இல் படைப்புழு வந்து அந்தக் காடுகளைச் சூறையாடியபோது நாமக்கல்லிலும் தீவன விலை ஏறியது. 2021இல் சோயா விலை ஏறியதும் 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. மரபணு மாற்ற உணவுப் பயிர் வேண்டாம் என்று சொல்லிவந்த நாடு, கோழியின் வயிறு வழியாக அதை ஏற்றுக்கொண்டது. உலக அளவில், மேய்ச்சல் நிலம் உட்பட விவசாய நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் கால்நடைகளுக்காக இருக்கிறது. அதிலிருந்து மனிதருக்குக் கிடைப்பது கலோரியில் 18 விழுக்காடும் புரதத்தில் 37 விழுக்காடும்தான்.

இதையெல்லாம் அமெரிக்கர் ஒருவருக்குச் சொல்வதும் நமக்குச் சொல்வதும் ஒன்றல்ல. அவர் ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி சாப்பிடுகிறார். இந்தியரின் சராசரி ஏழு கிலோ சொச்சம். ஐந்து வயதுக்குட்பட்ட நம் குழந்தைகளில் 35.5 விழுக்காடு வயதுக்கேற்ற உயரமில்லை, தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, படிப்படியாகக் கூடி 2010இல் வாரம் ஐந்து. அந்த முட்டையைத் தட்டில் வைத்ததும் மற்றதை விட்டுவிட்டு அதை முதலில் தின்னும் பிள்ளையையும், கடைசிவரை பத்திரப்படுத்தி வைக்கும் பிள்ளையையும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். சில மாநிலங்களில் சைவத்தின் பேரைச் சொல்லி அந்த முட்டையைப் பிடுங்குகிறார்கள். கோழியின் மேலுள்ள இரக்கம் என்று யாரும் அதைச் சொல்லக் கூடாது. நான் எழுதும் எதுவும் அவர்கள் கைக்கு ஆயுதமாகக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன். குறைக்க வேண்டியவர் வாரத்தில் நான்கு நாள் பக்கெட் பிரியாணி வாங்கும் நாம், சத்துணவுப் பிள்ளை அல்ல. அந்தப் பிள்ளைக்குப் போகும் முட்டையைக் கூண்டில்லாப் பண்ணையிலிருந்து வாங்கத் தொடங்கினால், இவ்வளவு பெரிய கொள்முதல் நாமக்கல்லையே மாற்றிவிடும். அதற்கு ஆகும் கூடுதல் செலவை ஓர் அரசு ஏற்கலாம்.

புரட்டாசி

வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் இல்லை என்பதை வள்ளுவர் அப்போதே சொல்லிவிட்டார்.

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்

அவர் சொன்னது நடக்கும் ஒரு மாதம் நமக்கு உண்டு. புரட்டாசியில் லட்சக்கணக்கான வீடுகளில் கறி கிடையாது. யாரும் சட்டம் போடவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. கறிக்கோழி விலை இறங்குகிறது, முட்டை விலையும் இறங்குகிறது. இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்து நிறுவனங்கள் குஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. தனியொருவர் கறியைக் குறைத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவருக்கு இதைத்தான் காட்டுவேன். பிறக்காமல் போகும் குஞ்சுகளின் கணக்கு பொரிப்பகத்தின் நோட்டில் இருக்கிறது.

நாட்டுக்கோழிக்கு மாறிவிட்டால் தீர்ந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். எண்ணிக்கை ஒரு நம்பிக்கையான செய்தியைச் சொல்கிறது. 2012க்கும் 2019க்கும் இடையில் வணிகக் கோழிகள் 4.5 விழுக்காடு கூடியபோது, வீட்டுப் புழக்கடைக் கோழிகள் ஏறத்தாழ 46 விழுக்காடு கூடின. வேலியோரம் கிளறித் திரியும் அந்தக் கோழியின் வாழ்க்கை வாழ்க்கைதான், அதன் வருமானம் பெண்கள் கையில் போகிறது. ஆனால் இன்று ஓட்டல் பலகையில் எழுதியிருக்கும் நாட்டுக்கோழியில் கணிசமானது ஷெட்டில் அடைத்து வளர்த்த கலப்பினம். மெதுவாக வளர்வது ஒன்றே அதன் நல்வாய்ப்பு. நாம் இன்று தின்னும் அளவுக்கு வேலியோரக் கோழி கிடைக்காது. கிடைக்கும் அளவுக்குத் தின்றால் போதும் என்பது என் கட்சி. உடல்நலத்தையும் பூமியையும் சேர்த்துக் கணக்கிட்டு 2019இல் ஒரு சர்வதேச அறிஞர் குழு சொன்ன கோழிக்கறி அளவு நாளுக்கு 29 கிராம். வாரத்துக்கு 200 கிராம். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அது போதும். எங்கள் வீட்டில் இப்போது அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு அரைகுறை. புரட்டாசியில் நாம் கறி தொடாமல் இருக்கும்போது நட்டம் முதலில் நிறுவனத்துக்குப் போவதில்லை. குஞ்சு வராத ஷெட்டுக்குக் கூலி இல்லை, தவணைக்கு மட்டும் விடுமுறை கிடையாது. கறி குறைய வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்கள், கூலியைக் கிலோவிலிருந்து பிரித்து ஷெட்டுக்கும் நாளுக்கும் என்று மாற்றச் சொல்லி விவசாயியின் பக்கத்தில் நிற்க வேண்டும். பத்தாயிரம் விட்ட இடத்தில் ஏழாயிரம் விட்டாலும் அதே வருமானம் வரும் என்றால், நெருக்கியடைக்கும் கட்டாயம் அவருக்கு இருக்காது.

போன புரட்டாசியில் அந்த உறவினர் ஷெட்டுக்கு மறுபடி போனேன். பழைய நார்த்தூளை வாரி வயலில் கொட்டியாகிவிட்டது. தரைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். படுதாக்கள் சுருட்டிக் கட்டியிருக்க, காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. கதவோரத்து அட்டையில் போன பேட்ச்சின் கடைசி வரி அப்படியே இருந்தது. அடுத்த குஞ்சு எப்போது வரும் என்று கம்பெனியில் இன்னும் சொல்லவில்லையாம். போனை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவருடைய வீட்டுக் கோழிகள் இரண்டு அந்த வெள்ளைத் தரையில் ஏறி எதையோ கிளறுவதைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.